தரங்கம்பாடி வீட்டுப் பரணிலிருந்து அருங்காட்சியகத்துக்கு: பழம்பொருள் ஒப்படைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தரங்கம்பாடி தட்டார் தெருவில் இருந்த பாட்டி வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே 14 காசுகள், நூல் கோத்த ஓர் ஓலைக்கட்டு, இரண்டாக உடைந்த நீலப்பூப் பீங்கான் தட்டு, கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு புகைப்படம். ஊருக்குச் சொந்தமான பொருள்கள் ஊரில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், மறுவாரமே ஓரிடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். நான் ரசீது கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு போனபோது அந்தப் பொறுப்பில் வேறொருவர் இருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. பதிவேட்டில் எங்கள் பொருளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 14 மாதம் அலைந்து எல்லாவற்றையும் திரும்பப் பெற்றேன். காசுகள் மட்டும் 12 தான் வந்தன. மீதி இரண்டு எங்கே என்று கேட்க எனக்கு வழியில்லை. 14 கொடுத்தேன் என்பதற்கே என்னிடம் ஆதாரம் கிடையாது.

இரண்டாவது முறை முறைப்படி செய்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தரங்கம்பாடியிலும் பொறையாறிலும் காரைக்காலிலும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைத் திறக்கப்போகும் நீங்கள் என்னைப்போல் அலைய வேண்டாம்.

1. எதையும் சுத்தம் செய்யாதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் கை பரபரக்கும். செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்பது நம் வீட்டுச் சமையலறை அறிவு. குத்துவிளக்குக்கு அது சரி. பழைய காசுக்கு அது கேடு. புளியின் அமிலம் காசின் மேல்படலத்தைக் கரைத்துவிடும். தேய்ந்த எழுத்தில் எஞ்சியிருப்பதும் அதோடு போய்விடும்.

எங்கள் காசுகளில் ஒன்றைச் சொல்கிறேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ஓரம் கோணல். வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்: மேலே ஒரு மகுடம், அதன்கீழ் பிறை போல வளைந்த ரோமன் எழுத்து 'சி', அந்த வளைவுக்குள் ஓர் ஏழு. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலத்து டென்மார்க் அரசர் ஏழாம் கிறிஸ்தியானின் முத்திரை அது. சித்தப்பா அதைப் புளியில் ஊறப்போட இருந்தார். நல்லவேளையாக அத்தை தடுத்தார். அந்த ஏழு அழிந்திருந்தால் அது எந்த அரசர் காலத்துக் காசு என்று யாரும் எளிதில் சொல்லியிருக்க முடியாது. (டேனிஷ்காரர்கள் இந்தக் காசை 'கஸ்' என்றுதான் எழுதினார்கள், நம் 'காசு'தான் அது. 80 காசு சேர்ந்தால் ஒரு பணம்.)

சாம்பல் நிறத்தில், கனமாக, மென்மையாக இருந்தால் அது ஈயக் காசு. அதை மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும். ஒவ்வொரு காசையும் தனித்தனிப் பாலிதீன் உறையில் போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் நான்கைந்தை உடன் போடுங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது.

ஓலைச்சுவடியின் கட்டை அவிழ்க்காதீர்கள். அவிழ்த்துவிட்டால் ஓலைகளின் வரிசையைக் கலைக்காதீர்கள். எண்ணெய் தடவ வேண்டாம். புல்தைலம் பூசுவது பழைய முறைதான், ஆனால் எந்த ஓலைக்கு எவ்வளவு என்பது அந்த வேலை தெரிந்தவர்களுக்கே தெரியும். பழைய பத்திரத்தையோ புகைப்படத்தையோ லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைச் சேதமில்லாமல் உரிக்க முடியாது. பாதுகாக்கிறோம் என்று நினைத்து நம் ஊரில் பலர் செய்யும் பெருந்தவறு இது. உடைந்த பீங்கானைக் கோந்து போட்டு ஒட்டாதீர்கள். துண்டுகளைத் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

செலவு: பாலிதீன் உறை, டப்பா, துணி எல்லாம் சேர்த்து எனக்கு 200 ரூபாய்க்குள் முடிந்தது.

2. படம் எடுங்கள், அளவெடுங்கள், கதையை எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் முதல் முறை நான் தாண்டிப்போனேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

வெள்ளைத்தாளின் மேல் பொருளை வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் முன்புறம், பின்புறம், ஓரம், பழுது என்று படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், காசின் எழுத்து அதில் தெரியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள். எண்ணைப் பொருளின்மேல் எழுதாதீர்கள், உறையின்மேல் எழுதுங்கள். தாளில் எழுதுவதைப் பென்சிலால் எழுதுங்கள். ஈரம் பட்டாலும் அழியாது.

பிறகு ஒரு நோட்டில் பொருளுக்கு ஒரு பக்கம்: என்ன பொருள், எதனால் ஆனது, நீளம் அகலம் எடை, என்ன பழுது, எங்கே கிடைத்தது, யாரிடம் இருந்தது, யாரிடமிருந்து அவருக்கு வந்தது. கடைசி மூன்றும்தான் உயிர். எடையையும் அளவையும் அருங்காட்சியகமே எடுத்துக்கொள்ளும். இந்தத் தட்டு எந்த வீட்டில், யார் கையில், என்ன சாப்பாட்டுக்குப் பயன்பட்டது என்பது உங்கள் அத்தைக்கு மட்டும்தான் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எங்கள் புகைப்படத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள். நான்கு பேரின் பெயரை அத்தை சொன்னார். ஐந்தாமவரைத் தெரிந்திருந்த ஒரே ஆள் பாட்டிதான்.

3. எந்தப் பொருள் எங்கே போக வேண்டும்?

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

டேனிஷ் கோட்டையில் உள்ள அருங்காட்சியகம் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையுடையது. 1620-இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டைக்குள் பீங்கான், சீனத் தேயிலை ஜாடிகள், சுதைப் பாவைகள், வாள்கள், திமிங்கில எலும்புகள் எல்லாம் இருக்கின்றன. ஊரின் டேனிஷ் காலத்துப் புழங்குபொருள்கள் பொருந்தும் இடம் அது. அரசு அருங்காட்சியகம் என்பதால் பொருளைச் சேர்த்துக்கொள்ளும் முடிவை வாயிலில் இருக்கும் அலுவலர் தனியே எடுக்க முடியாது. கடிதம் சென்னை எழும்பூரில் உள்ள துறைத் தலைமையகத்துக்குப் போக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் வாழ்ந்த வீடு அட்மிரல் தெருவில் சீரமைக்கப்பட்டு 2017-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனங்கள் என்ற அறக்கட்டளையின் முயற்சி அது. மிஷன் அச்சகம், தமிழ்க் கல்வி, பண்பாட்டு உறவு ஆகியவைதான் அதன் அக்கறை. பழைய மிஷன் பள்ளிப் புத்தகம், ஞானப்பாட்டுப் புத்தகம், திருச்சபைக் கடிதங்கள் போன்றவை உங்களிடம் இருந்தால் முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

ஓலைச்சுவடியை இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதைப் படிக்க ஆள் வேண்டும், குளிரூட்டிய அறை வேண்டும், பூச்சி பார்க்கும் கண் வேண்டும். கடற்கரைக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்துக் காட்சிக்கு வைப்பதைவிட, தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகமோ, சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமோ அதற்கு நல்ல வீடு. எங்கள் கட்டைப் பார்த்த ஒரு சுவடியியலாளர் முதல் ஓலையிலேயே தமிழ் எண்களைக் காட்டினார்: நெல் மரக்கால் கணக்கு. மருத்துவச் சுவடி என்று நாங்கள் எத்தனையோ காலம் நம்பியிருந்தோம்! பழைய அச்சுப் புத்தகங்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

புகைப்படத்தை மூலமாகவே கொடுக்க வேண்டும் என்பதில்லை. நல்ல தெளிவில் ஸ்கேன் செய்த பிரதியைக் கொடுத்து, மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

முடிவெடுப்பதற்கு முன் ஒருமுறை சாதாரணப் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். பொருள்களுக்குக் குறிப்பட்டை இருக்கிறதா, சுவரில் ஈரம் ஓதம் இருக்கிறதா, காட்சியில் இல்லாதவற்றை எங்கே வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தரங்கம்பாடிக்கு ரயில் கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து வந்த பாதை 1986-இலேயே மூடப்பட்டது. மயிலாடுதுறையிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ பஸ்ஸில் வரலாம்.

4. சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரியாமல் இருப்பதும் கூடாது.

மண்ணுக்குள் புதைந்திருந்து கிடைத்த பொருள் வேறு, வீட்டில் வழிவழியாக வந்த பொருள் வேறு. கிணறு வெட்டும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ கிடைத்தது என்றால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் வழியாகப் போகலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பழைய வழிகாட்டிகளிலும் படிவங்களிலும் தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருக்கும். 2020 டிசம்பரிலிருந்து இது மயிலாடுதுறை மாவட்டம். நாகப்பட்டினத்துக்கு அனுப்பிய என் முதல் கடிதத்தால் ஆறு வாரம் வீணாகிப்போனது.

வீட்டுப் பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம். 100 ஆண்டுகளுக்குக் குறையாதவை பழம்பொருள்கள். சுவடி, கையெழுத்துப் பிரதி, ஆவணங்களுக்கு 75 ஆண்டு. பழம்பொருளை வைத்திருப்பது குற்றமல்ல. ஆனால் சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள் போன்ற சில வகைகளைப் பழம்பொருள் பதிவு அலுவலரிடம் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விண்ணப்பம் படிவம் 7. உடன் புகைப்படப் பிரதிகள் வேண்டும். பதிவு செய்த பொருளைப் பிறகு யாருக்குக் கொடுத்தாலும், அருங்காட்சியகத்துக்கே கொடுத்தாலும், கை மாறியதை அந்த அலுவலருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பரணில் சாமி சிலை இருந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர், "அங்கே ஒரு மியூசியத்தில் கொடுத்துவிடலாம், எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லலாம். தனியார் யாரும் பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. பெட்டியில் சேலைக்கு நடுவே வைத்துக் கொண்டுபோவது சிறைக்குப் போகும் வழி. அதேபோல் வீட்டுக்கு வந்து விலை கேட்பவரிடம் கவனமாக இருங்கள். பழம்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

5. குடும்பத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்

முதல் முறை நான் கொடுத்துவிட்டு வந்த அன்று இரவு அத்தை போனில் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "அம்மா பெட்டியை வெளியே கொடுக்கிறாயே, பெற்ற பெண் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?" கேட்டிருக்க வேண்டும். பெட்டி பாட்டியுடையது. அவருக்குப் பின் அப்பா, அத்தை, சித்தப்பா மூவருக்கும் அதில் உரிமை உண்டு. பேரனான நான் தனியே கொடுக்க முடியாது.

வேண்டிய தாள்கள்: இறந்தவரின் இறப்புச் சான்றிதழ் நகல், வாரிசுகள் ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட ஆட்சேபனையின்மைக் கடிதம், அவர்களின் ஆதார் நகல். சில இடங்களில் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 60 ரூபாய். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து அது வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால், கேட்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆட்சேபனையின்மைக் கடிதத்தில் "பாட்டியின் பழைய பொருள்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். இரண்டாம் படியில் தயாரித்த பட்டியலை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். அத்தை முதலில் தட்டைக் கொடுக்க மறுத்தார். அதை அவரிடமே விட்டுவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

6. கொடுப்பதா, இரவலா? கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்

தானமாகக் கொடுத்தால் பொருள் இனி உங்களுடையதல்ல. இரவலாகக் கொடுத்தால் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் திரும்பக் கேட்கலாம். "காட்சிக்கு வைப்பதற்காகத் தருகிறேன்" என்று எழுதினால் இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது. பிற்காலத்தில் உங்கள் பிள்ளைகளும் அருங்காட்சியகமும் அந்த ஒரு வரியை வைத்துச் சண்டையிடுவார்கள். ஆகவே "நிரந்தரமாக, விலையின்றி, முழு உரிமையுடன்" என்றோ "இன்ன தேதிவரை இரவலாக" என்றோ எழுதுங்கள்.

தானப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஒருவர் எனக்குச் சொல்லி, அதற்கு ஆவண எழுத்தர் கட்டணமும் கேட்டார். அசையாச் சொத்துக்குத்தான் அது கட்டாயம். காசு, தட்டு, புத்தகம் போன்ற அசையும் பொருள்களைப் பொறுத்தவரை, கொடுத்து வாங்கிக்கொண்டாலே தானம் செல்லும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வெள்ளைத்தாளில் கடிதம், இரண்டு சாட்சிக் கையெழுத்து, இணைப்பாகப் பட்டியல், படங்கள். அவ்வளவே போதும்.

கடிதத்தில் இரண்டு வேண்டுகோள்களைச் சேர்க்கலாம்: குறிப்பட்டையில் குடும்பப் பெயர் வர வேண்டும் என்பது ஒன்று, பின்னாளில் ஆய்வுக்காகப் பார்க்க அனுமதி வேண்டும் என்பது மற்றொன்று. "எப்போதும் காட்சியில்தான் வைக்க வேண்டும்" என்று நிபந்தனை போடாதீர்கள். அதை ஏற்கும் அருங்காட்சியகம் நல்ல அருங்காட்சியகமல்ல. ஓலையும் தாளும் துணியும் வெளிச்சத்தில் வெளிறிவிடும். அவற்றுக்கு இருட்டு ஓய்வு வேண்டும்.

கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் கடித நகலோடு ஒட்டி வையுங்கள். பொருளைத் தபாலில் அனுப்பாதீர்கள். பதில் வருமுன் நேரில் கொண்டுபோகவும் கூடாது.

7. ஒப்படைக்கும் நாள்

ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுத்தில் பதில் வந்த பிறகு நாள் குறியுங்கள். எனக்குப் பதில் வர நான்கு மாதம் ஆனது. இடையில் இரண்டு நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காற்றில் அந்தக் கடற்கரையில் குடை நிற்காது. ஓலையையும் தாளையும் சுமந்துகொண்டு போகும் பருவமல்ல அது. தை முதல் பங்குனிவரை நல்ல காலம். காலை நேரத்தில் போனால் சரிபார்க்க நேரம் இருக்கும்.

ஒப்படைப்புச் சீட்டை நீங்களே இரண்டு பிரதி தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். "எங்களிடம் படிவம் இல்லை" என்று சொன்னால் உடனே நீட்டலாம். அதில் பொருள் வாரியாக எண்ணிக்கை, எடை, பழுது, தேதி, பெற்றுக்கொண்டவர் பெயர், பதவி, கையெழுத்து, அலுவலக முத்திரை வேண்டும். முத்திரை இல்லாத கையெழுத்தோடு திரும்பாதீர்கள். இரண்டாம் முறை 12 காசுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, இருவரும் சேர்ந்து எண்ணி, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டோம். 40 நிமிடம் ஆனது. வாங்கிக்கொண்ட அலுவலர் சலித்துக்கொள்ளவில்லை. தமக்கும் இதுதான் பாதுகாப்பு என்றார்.

8. சேர்க்கை எண்ணை வாங்காமல் விடாதீர்கள்

ஒப்படைப்புச் சீட்டோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் பலர். பொருள் அருங்காட்சியகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறி, அதற்கென ஓர் எண் விழும்வரை அது அங்கே விருந்தாளிதான். அலுவலர் மாறினாலும், அறை மாறினாலும், கட்டடமே மாறினாலும் அந்த எண்ணை வைத்துத்தான் பொருளைத் தேட முடியும். எங்கள் இரண்டு காசுகள் தொலைந்தது எண் இல்லாததால்தான்.

ஒரு மாதம் பொறுத்து எண்ணைக் கேட்டு எழுதுங்கள். மூன்று மாதமாகியும் பதில் இல்லையென்றால், அரசு அருங்காட்சியகமாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இன்ன தேதியில் இன்னார் பெற்றுக்கொண்ட இன்ன பொருள்களின் சேர்க்கை எண் என்ன?" என்று ஒற்றைக் கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. குறை சொல்லும் தொனியில் எழுதாதீர்கள். தகவல் கேட்கும் கடிதத்தில் கோபம் இருந்தால் பதிலிலும் அதுதான் வரும். அறக்கட்டளைகள் நடத்தும் அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக இந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே அங்கே எண் தருவதற்கான கால அளவை ஆறாம் படிக் கடிதத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்ததும் உங்கள் நோட்டில் அந்தப் பொருளின் பக்கத்தில் குறித்து வையுங்கள். நோட்டின் நகலை அடுத்த தலைமுறையில் யாராவது ஒருவரிடம் கொடுங்கள். என் நோட்டின் நகல் அத்தை மகளிடம் இருக்கிறது.

மொத்தச் செலவைக் கேட்பவர்களுக்கு: படப் பிரதிகள், நகல்கள், தபால், சான்றிதழ், நான்கு முறை பஸ் எல்லாம் சேர்த்து எனக்கு 2,300 ரூபாய் ஆனது. காலத்தைச் சரியாகக் கணக்கிட்டால், முறைப்படி செய்த இரண்டாம் முறைக்கு மட்டும் ஒன்பது மாதம். சுவடிக்குத் தனியாக இன்னும் மூன்று மாதம்.

சென்ற மாசியில் அத்தையை அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் மகுடமும் 'சி'யும் ஏழும் தெரிகிற அந்தக் காசு, பக்கத்தில் சிறிய அட்டையில் எண், அதன்கீழ் பாட்டியின் பெயர். எழுத்து பொடியாக இருந்ததால் அத்தையால் படிக்க முடியவில்லை. நான் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.